பழைய மலிவு லேப்டாப்: லினக்ஸ் போடுவதா, வேறு வாங்குவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 2017இல் வாங்கிய விலை குறைந்த லேப்டாப். செலரான் என்3350 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்து வேலையைத் தொடங்கவே பல நிமிடங்கள் ஆகின்றன. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று கணினியே சொல்லிவிட்டது. பிரவுசர், வேர்டு கோப்புகள், அவ்வப்போது வீடியோ அழைப்பு என்ற அளவில்தான் வேலை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் ஒன்றைச் சொல்லி, நண்பர் "லினக்ஸ் போடு, புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். பழுது பார்ப்பவர் "இதற்குச் செலவு செய்யாதே, வேறு வாங்கு" என்கிறார். எதைக் கேட்பது?

என் பதில்: ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போடுங்கள், அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். வீடியோ அழைப்பு தினமும் நடக்கும் முக்கிய வேலை என்றால் மட்டும் வேறு கணினி வாங்குங்கள். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் லேப்டாப்பில் நான் அறியாத ஒன்றிரண்டு விவரங்கள் இந்த முடிவை மாற்றக்கூடும்.

முதலில் வேகம். கணினி மெதுவாகிவிட்டது என்றால் எல்லோரும் பிராசஸரைத்தான் குறை சொல்வார்கள். விண்டோஸ் 10இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியை ஆன் செய்த உடனே அதைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். உங்களுடையது போன்ற கணினிகளில் பெரும்பாலும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், பிராசஸரோ அதில் பாதிகூட வேலை செய்யாமல் இருக்கும். அதாவது பிராசஸர் தரவு வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எளிது. மலிவு லேப்டாப்புகளில் வரும் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய தரவு, அதைப் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கே சுமார் 5.6 மில்லி விநாடி போய்விடும். முனை தடம் மாறும் நேரம் அதற்கும் மேல். எல்லாம் சேர்ந்து, தட்டில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறுகூடப் படிக்க முடியாது. இயங்குதளம் துவங்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் நடப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் வேலைதான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க்கின் அதே இணைப்பில் மாட்டும் சாதாரண சாட்டா வகையாக இருந்தாலும், இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் செய்யும். இந்த ஒரு மாற்றம் தருகிற வேகத்தை எந்த இயங்குதளமும் தராது. ஹார்டு டிஸ்க்கிலேயே லினக்ஸ் போட்டால் விண்டோஸை விடச் சற்று நன்றாக இருக்கும், அவ்வளவுதான். முதல் வாரம் மகிழ்ச்சியாக இருக்கும், அப்புறம் அதே காத்திருப்பு தெரிய ஆரம்பிக்கும்.

ரேம் பற்றாக்குறையும் இதோடு பிணைந்தது. 4 ஜிபியில் விண்டோஸ் 10 சும்மா இருக்கும்போதே பாதியளவு எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் நாலைந்து பக்கங்கள் திறந்தால் மீதியும் போய்விடும். இடம் போதாதபோது இயங்குதளம் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்கு இடம் மாற்றும், திரும்ப வேண்டும்போது எடுத்து வரும். அந்த டிஸ்க் சுழலும் வகை என்றால் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே கணினி உறைந்து நிற்கும். லினக்ஸ் உண்மையில் உதவுவது இங்கேதான். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழல் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும், பிரவுசருக்கு மிச்சம் மூன்று ஜிபி கிடைக்கும். இசட்ரேம் என்ற வசதியையும் சேர்த்தால் ரேமில் சும்மா கிடப்பதை அங்கேயே சுருக்கி வைக்கும், டிஸ்க்குக்குப் போகும் அவசியம் குறையும். 4 ஜிபி கணினியில் லினக்ஸ் போடுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும்.

ஆனால் பிரவுசரின் பசியை லினக்ஸ் குறைக்காது. கனமான இணையப் பக்கம் விண்டோஸில் எவ்வளவு ரேம் கேட்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவே லினக்ஸிலும் கேட்கும். "பழைய கணினிக்கு உயிர் கொடுக்கும்" என்ற பேச்சை நம்பி நிறுவியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான், லினக்ஸை விரும்புகிறவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பத்து டேபுக்குப் பதில் நாலு டேபோடு வேலை செய்யும் பழக்கமும், விளம்பரத் தடுப்பான் ஒன்றும், 4 ஜிபி கணினியில் எந்த லினக்ஸ் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை விட அதிகம் உதவும்.

ரேமைக் கூட்ட முடியுமா என்பதையும் டாஸ்க் மேனேஜரிலேயே பார்த்துவிடலாம். மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை பயன்பாட்டில் என்று இருக்கும். வடிவம் (ஃபார்ம் ஃபேக்டர்) என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று காட்டினால் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது. என்3350க்கு இன்டெல் சொல்லும் உச்ச வரம்பு 8 ஜிபி. ஸ்லாட் இருந்தால் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 8 ஜிபி கார்டு ஒன்று மலிவாகக் கிடைக்கும், தாராளமாகப் போடுங்கள். வாங்கும்போது டிடிஆர்3எல் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், என்3350இன் ஸ்லாட் ஏற்பது அதைத்தான், டிடிஆர்4ஐ அல்ல. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது.

இதைப் படிக்கும் வேறு சிலரிடம் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 32 அல்லது 64 ஜிபி ஈஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் உள்ள லேப்டாப் இருக்கலாம். அதன் கதை வேறு. ஈஎம்எம்சி போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்ற முடியாது. 32 ஜிபியில் விண்டோஸ் 10க்குப் பெரிய புதுப்பிப்பு வந்தால் அதை இறக்கவே இடம் இருக்காது. அந்த வகைக் கணினிக்கு லினக்ஸ் மிகப் பொருத்தம், ஏனென்றால் மின்ட் நிறுவக் குறைந்தபட்சம் கேட்பது 20 ஜிபிதான். வேகம் பெரிதாக அதிகரிக்காது. ஆனால் இடம் கிடைக்கும், புதுப்பிப்புகள் தடையில்லாமல் வரும்.

இனி பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இதை முடிவெடுக்கக் கிடைத்த அவகாசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும். உங்கள் என்3350 அந்தப் பட்டியலில் இல்லை. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அதோடு, விண்டோஸ் 10க்கே திணறும் கணினியில் அதைவிடக் கனமான ஒன்றை ஏற்றி என்ன பயன்?

சரி, வீடியோ அழைப்பை ஏன் தனியாகப் பிரித்தேன்? யூடியூப் பார்ப்பதற்கும் அழைப்பில் பேசுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வீடியோ பார்க்கும்போது, சுருக்கி அனுப்பப்பட்ட அதை விரிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் பகுதியில் இருக்கும் தனிச் சுற்று ஏற்றுக்கொள்ள முடியும். என்3350இல் விபி9 என்ற சுருக்க வகைக்கு அந்த வசதி இருக்கிறது. 2023இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115 முதல் லினக்ஸிலும் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இது தானாகவே இயங்குகிறது. ஆனால் ஏவி1 என்ற புதிய வகைக்கு இந்தச் சிப்பில் சுற்று கிடையாது, யூடியூப் ஏவி1ஐ அனுப்பினால் இரண்டே கோர் (கணக்கிடும் அலகு) உள்ள பிராசஸர் முழு வேலையும் செய்து திணறும். ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புப் பக்கத்தில் (about:config) 'மீடியா.ஏவி1.எனேபிள்டு' என்பதை அணைத்துவிட்டால் யூடியூப் பழைய வகைக்கே திரும்பும், வீடியோ சீராக ஓடும். சிறிய மாற்றம்தான், ஆனால் இந்த வயதுக் கணினிகளில் உடனே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம்.

அழைப்பில் அப்படித் தப்பிக்க வழியில்லை. உங்கள் முகத்தைப் படம்பிடித்து அந்த நொடியே சுருக்கி அனுப்ப வேண்டும். எதிரில் இருக்கும் எட்டுப் பேரின் படத்தையும் விரிக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கச் சொன்னால் ஒவ்வொரு படத்திலும் ஆள் எது, சுவர் எது என்று பிரிக்க வேண்டும். இந்தச் சுமை பெரும்பாலும் பிராசஸர் தலையில்தான் விழும், எந்த இயங்குதளம் போட்டாலும் இரண்டு கோர் நான்காகாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒருவரோடு பேசுவது என்றால் சமாளிக்கும். தினமும் பத்துப் பேர் இருக்கும் கூட்டம், அதோடு திரைப் பகிர்வு என்றால் இந்த லேப்டாப்பில் செலவு செய்யாதீர்கள்.

இந்தத் தீர்மானத்தை என் பேச்சை நம்பி எடுக்க வேண்டியதே இல்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற நிரல் கொண்டு எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். டிஸ்க்கில் இருக்கும் எதையும் தொடாமல் லினக்ஸ் ஓடும். எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பூட் பட்டியல் எந்த விசையை அழுத்தினால் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப் மூன்றில் ஒன்றாகப் பெரும்பாலும் இருக்கும். இந்தச் சோதனையில் நிரல்கள் திறக்க எடுக்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது பென்டிரைவின் வேகம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம் ஏற்றி இறக்கும் விசைகள், மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு உண்மையிலேயே ஒரு நண்பரை வீடியோவில் அழைத்து அரை மணி நேரம் பேசுங்கள். அப்போது தெரிவது பிராசஸரின் உண்மையான திறன். எஸ்எஸ்டி போட்டாலும் அழைப்பு இதைவிடச் சிறப்பாக ஓடாது. ஆகவே காசு செலவழிக்கும் முன்பே விடை கைக்கு வந்துவிடும்.

மலிவு லேப்டாப்புகளில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் வைஃபைதான். சில ரியல்டெக், பிராட்காம் சிப்புகளுக்கு டிரைவர் தனியாக இறக்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும். அந்த நேரத்தில் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் வசதியைப் போட்டால் வேலை முடிந்துவிடும். கைரேகை உணரி வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம், அதை விட்டுவிடலாம்.

வைஃபையை விடப் பெரிய தடை மென்பொருள். எம்எஸ் ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், திரையைப் பூட்டிக் கண்காணிக்கும் ஆன்லைன் தேர்வுச் செயலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றில் ஒன்று உங்கள் பிழைப்புக்கோ படிப்புக்கோ கட்டாயம் என்றால் லினக்ஸ் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் சிலவற்றை ஓட்டலாம்தான், ஆனால் நாளைக் காலை தேர்வு இருக்கும் கணினியில் அப்படிப் பரிசோதனை செய்யக் கூடாது. வேர்டு கோப்புகளுக்கு லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் போதும். கலிப்ரி, கேம்ப்ரியா எழுத்துருக்களுக்கு ஈடாக அதே அகலமுள்ள கார்லிட்டோ, கலடியா இருக்கின்றன, அவை நிறுவப்பட்டிருந்தால் வரிகள் பெரிதாகக் கலையாது. பலரும் மாற்றி மாற்றித் திருத்தும் சிக்கலான கோப்பு என்றால் பிரவுசரிலேயே இயங்கும் வேர்டைப் பயன்படுத்துங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் பிற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு முறை, ஒலியியல் முறை எல்லாமே கிடைக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளை விண்டோஸிலிருந்து நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் அவற்றை நிறுவலாம். இதை மறந்து டிஸ்க்கை அழித்துவிட்டால் அந்தக் கோப்புகள் குழப்பமான ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

மின்ட் தவிர வேறு எது என்று கேட்பீர்கள். கணினி முழுக்க முழுக்க பிரவுசருக்குத்தான், அதுவும் வயதான அப்பா அம்மாவுக்கு என்றால் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் நல்ல தேர்வு. 4 ஜிபி ரேம் போதும், தானே புதுப்பித்துக்கொள்ளும், கெடுத்துவிடும் அளவுக்கு உள்ளே எதுவும் இல்லை. ஆனால் அது டிஸ்க்கை முழுவதும் அழித்துத் தனக்கே எடுத்துக்கொள்ளும், விண்டோஸோடு சேர்ந்து இருக்காது. சாதாரண குரோம்புக்கில் ஓடும் ஆண்ட்ராய்டு செயலிகளும் இதில் ஓடாது. 2 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினி என்றால் லுபுன்டு அல்லது ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இன்றைய இணையத்துக்கு 2 ஜிபி போதவே போதாது. அதை எழுதுவதற்கும் படிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கோ உறவினருக்கோ நிறுவிக் கொடுப்பவர்கள் இன்னொன்றை யோசிக்க வேண்டும்: சிக்கல் வந்தால் பார்ப்பது யார்? விண்டோஸ் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட ஏதாவது செய்து தருவான். லினக்ஸ் என்றால் நீங்கள்தான். அதற்கு நேரமும் பொறுமையும் இல்லாவிட்டால் அவர்கள் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

எஸ்எஸ்டி மாற்றுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, என் பரிந்துரைக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் உங்கள் விண்டோஸ், கோப்புகள், கடவுச்சொற்கள் அனைத்தும் அப்படியே இருக்கும். லினக்ஸ் ஒத்துவரவில்லையா, பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் பழைய கணினி. ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளம் வைக்கும்போது பார்ட்டிஷனைப் பிரிக்கும் பதற்றம் இதில் கிடையாது. ஆனாலும் முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வேறு ஓர் இடத்திலும் எடுத்து வையுங்கள், இவ்வளவு பழைய ஹார்டு டிஸ்க்கை முழுதாக நம்பக் கூடாது. அப்புறம், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், கணினி துவங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் பயாஸ் அமைப்பில் கை வைக்கும் முன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்த டிஸ்க்கைத் திறக்க யாராலும் முடியாது.

எந்த நிலையில் நான் "வாங்கிவிடுங்கள்" என்று சொல்வேன்? கீல் உடைந்து திரை ஆடுகிறது, கீபோர்டில் எழுத்துகள் விழவில்லை, எஸ்எஸ்டியோடு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை நல்ல பயன்படுத்திய லேப்டாப் ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டால் பழையதை விட்டுவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், அந்த லேப்டாப்பைப் பயன்படுத்துவதை இப்போதே நிறுத்துங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது.

வாங்கும்போது தயவுசெய்து இன்னொரு 4 ஜிபி செலரானைப் புதிதாக வாங்காதீர்கள். பெட்டி புதிது, உள்ளே அதே பிரச்சினை, மூன்று வருடத்தில் இதே கேள்வியோடு நிற்பீர்கள். அதே காசுக்கு நிறுவனங்கள் பயன்படுத்தி வெளியே விட்ட லேப்டாப் பல மடங்கு மேல். திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 போன்றவை 2018 வாக்கில், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல்லோடு வந்த மாடல்கள். முந்தைய தலைமுறை மெல்லிய லேப்டாப்புகளின் ஐ5இல் இரண்டு கோர்தான் இருந்தது. எட்டாம் தலைமுறை ஐ5இல் நான்கு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறும், ரேமையும் எஸ்எஸ்டியையும் பின்னால் கூட்டலாம். வாங்கும் முன் விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுக்கச் சொல்லி, இப்போதைய முழுக் கொள்ளளவு ஆரம்பக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பயாஸுக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்பதையும் பாருங்கள், பழைய நிறுவனத்தின் பூட்டு இருந்தால் விட்டுவிடுங்கள். புதியதுதான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 உள்ள 8 ஜிபி மாடல் குறைந்தபட்சம்.

லேப்டாப் ஒன்று தன் வாழ்நாளில் வெளியேற்றும் கார்பனில் பெரும்பங்கு அது தயாரிக்கப்படும்போதே வெளியேறிவிடுகிறது. ஓடும் நிலையில் இருப்பதை இன்னும் சில வருடம் ஓட்டுவது நம் பணத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, அதனால்தான் முடிந்தவரை பழையதை வைத்துக்கொள்ளும் பக்கம் நான் சாய்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வந்தால், வேலை வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வார இறுதியில் பென்டிரைவ் சோதனை, அதில் ஒரு வீடியோ அழைப்பு. தேறினால் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமன். ஸ்லாட் இருந்தால் கூடவே 8 ஜிபி ரேம். மின்ட் 22 வரிசையை இறக்குங்கள், அதற்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். அழைப்பில் குரல் விட்டு விட்டு வந்தாலோ படம் உறைந்தாலோ, எஸ்எஸ்டிக்கு வைத்த காசையும் சேர்த்துப் பயன்படுத்திய டி480 வகை ஒன்றில் போடுங்கள்.